பெண்ணாடம் சாலையில் ஒரு பொய் நோயாளி

காலை பத்தரை மணி இருக்கும். நான் ஓர் ஆம்புலன்ஸுக்குள் மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

மார்பிலும் தொடையிலும் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். தலைக்கு மேலே கூரையில் ஒரு விளக்கு. அதன் மூடிக்குள் ஓர் ஈ செத்துக் கிடந்தது. பினாயில் வாசனை வந்தது. அதற்கு அடியில், யாரோ எப்போதோ உரித்துத் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் வாசனையும் லேசாக இருந்தது.

"சார், சௌகரியமா இருக்குதா?" என்று டிரைவர் சீட்டிலிருந்து பஷீர் பாய் கேட்டார்.

"பட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்குது பாய்."

"இருக்கட்டும். ரொம்ப சௌகரியமா வச்சிட்டா அப்புறம் எறங்க மாட்டீங்க."

எனக்குப் பக்கத்து இருக்கையில் என் மகள் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகும் நீலச் சட்டை. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அதை எடுத்துப் போட்டிருந்தாள். பாய் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று முறை.

எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. விருத்தாசலத்தில் வண்டி கிளம்பியதிலிருந்து பெண்ணாடம் போய்ச் சேரும்வரை வாயை மூடக் கூடாது.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு, இதைவிடச் சுலபமான வேலையை எனக்கு யாரும் கொடுக்க முடியாது என்று தெரியும். பீங்கான் சூளையைப் பற்றி ஒரு வாரத்தில் முடிக்க வேண்டியதை நான்கு வாரம் எழுதியவன் நான். அதிலும் சூளைக்குள் புகுந்த பூனை என்ன ஆனது என்று சொல்ல மறந்துவிட்டேனாம். கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். பூனை பிழைத்தது. சூளை அன்று எரியவே இல்லை.

என் மகளின் வேலை

கயலுக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸில் வேலை. நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வருகிறவள் அவள். நாடி பார்ப்பது, ஆக்சிஜன் வைப்பது, ரத்தத்தை நிறுத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாக "ஒண்ணும் இல்ல, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வருவது, இவை அவளுடைய பொறுப்பு. வண்டி ஓட்டுவது பஷீர் பாய். சவுதியில் பதினாறு வருடம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். மணலில் ஓட்டிப் பழகியதால் நம் ஊர்ச் சாலை தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பார். வேகத்தடை வந்தால் மட்டும் வாய்க்குள் ஏதோ அரபியில் முணுமுணுப்பார்.

நான் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளை மேற்பார்வையாளன். ஃபியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, சின்னச் சின்ன பொம்மைகள் சுடுகிறோம். நெருப்போடு முப்பது வருடம் இருந்தும் நான் பயந்த ஆள்தான். கயல் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்னால் ஓடியவன், அவள் ஓட்டத் தெரிந்து மூன்று மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லாரும் எனக்கு உடற்பயிற்சி என்று நினைத்தார்கள்.

அவள் இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒன்றரை வேளை. என் மனைவி விஜயா மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள். அதோடு முடிந்தது.

பாயின் போன்

கயல் வேலையில் சேர்ந்த புதிதில், சில நாட்கள் சாயங்காலம் பஷீர் பாயிடமிருந்து எனக்கு போன் வரும்.

"சார், வூட்டுல இன்னைக்கு இன்னா சமையல்?"

"கருவாட்டுக் கொழம்பு பாய். வர்றீங்களா?"

"இல்ல சார். பாப்பாவுக்கு இன்னைக்கு கருவாடு வேணாம். ரசம், அப்பளம் போதும்."

இன்னொரு நாள் கறி வேண்டாம் என்பார். ஒரு நாள் தக்காளி வேண்டாம் என்றார். என் மகளுடைய சாப்பாட்டில் இந்த மனிதருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. விஜயாவிடம் சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை அப்படியே எடுத்து மூடிப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். புளியைக் கரைத்தாள்.

"உங்களுக்குப் புரியலையா?" என்றாள். "இன்னைக்கு அவங்க எதையோ பாத்துட்டு வர்றாங்க. அதோட வாசனை கொழம்புல வந்துடக் கூடாது."

எனக்குப் புரிய எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு முதல் போனிலேயே புரிந்திருக்கிறது. அதன்பிறகு பாய் போன் செய்யாத சாயங்காலங்களை நான் பண்டிகையாக எண்ணத் தொடங்கினேன்.

அவர்களுக்குள் இப்படி நிறைய உண்டு. மோசமான ஒரு கேஸை இறக்கிவிட்டு வந்தால் வண்டியைக் கழுவி முடிக்கும்வரை யாரும் பேசுவதில்லை. பாய் வெளிப்புறம், கயல் உள்புறம். கழுவி முடித்ததும் முதலில் பேசுகிறவர் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். "நாளைக்குக் காலைல எங்க பொங்கல் நல்லா இருக்கும்?" என்று பாய் ஆரம்பிப்பாராம். அதற்குப் பிறகுதான் மற்றது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மருத்துவமனையில் வகுப்பு எடுத்ததில்லை. வண்டியோடு வண்டியாக வந்த பழக்கம்.

கத்திரி நாற்று

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் அது நடந்தது.

பெண்ணாடம் சாலையில் ஒருவர் மணலில் சறுக்கி டூவீலரிலிருந்து விழுந்துவிட்டார். என் வயது. வெளியே பெரிய காயம் இல்லை. வண்டியில் ஏற்றும்போது நன்றாகப் பேசினார். பையில் கத்திரி நாற்று வாங்கி வைத்திருந்தாராம். வெயிலில் வாடிவிடும், கொஞ்சம் தண்ணீர் தெளிம்மா என்று கயலிடம் கேட்டிருக்கிறார். அவள் ஒரு கையால் அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறாள். எத்தனை பாத்தி, எந்தப் பக்கம் நிழல் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சொல்லுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு மஞ்சள் நிற நிழற்குடை தெரிந்ததாம். கிராமத்து பஸ் நிறுத்தங்களில் கட்டியிருப்பார்களே, அதுபோல ஒன்று.

கயல் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உள்ளே ஏற்பட்ட காயம், யாராலும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது என்றார்கள். நாற்றை அவர் வீட்டாரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அது வாடவில்லை.

இவற்றில் எதையும் அப்போது அவள் என்னிடம் சொல்லவில்லை. அன்று பாய் போன் செய்து, "சார், இன்னைக்கு எதுவும் சமைக்காதீங்க, தயிர் இருந்தா போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான்கு நாள் ஒழுங்காக வேலைக்குப் போனாள். ஐந்தாம் நாள் அதே சாலையிலிருந்து ஓர் அழைப்பு. வண்டியின் பின்கதவைத் திறந்தாள், படியில் கால் வைத்தாள், ஏறவில்லை. கால் ஏறவில்லை என்றுதான் அவள் சொன்னாள். வேறொருவர் ஏறிப் போனார். அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரு ரேடியோ

மருத்துவமனையில் ஒரு மாதம் விடுப்பு கொடுத்தார்கள். கடலூரில் ஒரு மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் விஜயா கூடப் போனாள். போன வழியில் பட்ட வெயிலைத் தவிர வேறு எதையும் இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் கயல் அழவில்லை. சாப்பிட்டாள். துணி மடித்தாள். ஒன்றே ஒன்றுதான் புதிதாக இருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, ஏதாச்சும் பேசுங்க."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண் அசந்தால் தோளைப் பிடித்து உலுக்குவாள். "ஏம்ப்பா பேச மாட்டேங்கறீங்க?"

"தூங்கறேம்மா."

"அப்புறம் தூங்குங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

இருபத்தாறு வருடமாக, "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கேட்டு வந்த பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேச்சு அவளுக்கு மருந்தாகிறது என்று நம்பிவிட்டேன். களிமண் எங்கே வெட்டினோம், எந்தச் சூளையில் எந்த மூலை சூடு குறைவு என்று காலை முதல் சாயங்காலம்வரை பேசினேன். ஒரு மாதமாக வீட்டில் ரேடியோ போடத் தேவையில்லாமல் போனது என்று விஜயா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப் பேசிய ஒரு நாளில்தான் என் பெரிய தத்துவத்தையும் எடுத்துவிட்டேன்.

"பாப்பா, சூளைய அணைச்ச ஒடனே கதவைத் தொறந்தா உள்ள இருக்கறதெல்லாம் விரிசல் வுட்டுடும். அதுவா ஆறணும். மனுச மனசும் அப்படித்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நான் கப்பு இல்ல."

"கப்பா இருந்தாகூட இவ்ளோ நேரம் கேட்டுக்கிட்டு இருக்காது," என்றாள் விஜயா சமையலறையிலிருந்து.

அந்த மாதத்தில் கயல் சிரித்தது அந்த ஒரு முறைதான். ஆகவே தத்துவம் வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் பார்த்து வந்த நாற்காலி

விடுப்பு முடியும் வாரத்தில் மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். விருப்பப்பட்டால் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கலாம். வண்டியில் ஏற வேண்டாம். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் என்னை நீங்கள் மதிக்க மாட்டீர்கள். அன்றே, யாரிடமும் சொல்லாமல், அந்த மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பு மேஜையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கு வாட்டமாக இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி. கொசு இல்லை. ஒரு பெரியவர் வந்து, "எலும்பு டாக்டர் இருக்காருங்களா?" என்று கேட்டார். "இருக்காரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருந்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை பஷீர் பாய் வீட்டுக்கு வந்தார். கயல் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"சார், நாளைக்கு வண்டில ஏசி பாக்க பெண்ணாடம் மெக்கானிக் கிட்ட போறேன். கேஸ் எதுவும் கெடையாது, வண்டி சும்மாதான் போவுது. ஆபீஸ்ல கேட்டுட்டேன். நீங்க ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு வரணும்."

"நானா? எதுக்கு?"

"எங்க வழக்கம் சார். மோசமான கேஸ் ஒண்ணு பாத்துட்டா, அடுத்து வண்டில ஏத்தற ஆளு எறங்கி நடந்து போற ஆளா இருக்கணும். அத கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் மனசு நம்பும்."

அவருக்கும் ஒரு காலத்தில் இதே போல ஆகியிருக்கிறது. சவுதியிலிருந்து வந்து வண்டி ஓட்ட ஆரம்பித்த முதல் வருடம். அப்போது அவருக்காகப் படுத்து வந்தவர் சலூன் வைத்திருந்த ஒரு நண்பர். ஸ்ரீமுஷ்ணம்வரை போனார்கள். பாதி வழியில் நண்பர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். "எழுப்பி எறக்கி நடக்க வைக்கறதுக்குள்ள என் உசுரு போயிடுச்சி சார். ஆனா அந்தக் கொறட்டைய கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுனேன் பாருங்க, அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனேன்."

பிறகுதான் அந்த நாற்றுக்காரரின் கதையைச் சொன்னார். அவர் பேசிக்கொண்டே வந்து நிறுத்தியதைச் சொன்னார். அவர் போட்டிருந்த பழுப்புக் கட்டம் போட்ட சட்டையைச் சொல்லும்போது என் சட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒரு மாதமாக நான் பேசிப் பேசி அவளைத் தேற்றிக்கொண்டிருக்கவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரப் படுக்க வைக்கலாம்னு பாப்பாகிட்டயே கேட்டேன்," என்றார் பாய். "எங்கப்பான்னு சொல்லிச்சி. அந்த கடலூர் டாக்டரம்மாகிட்டயும் கேட்டுச்சாம். அந்த ரோட்டுல ஒரு தரம் நம்பிக்கையான ஆளோட போயிட்டு வாம்மான்னு அவங்களே சொன்னாங்களாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் அந்தச் சாலையைத் தாண்டிவிட்டால் திங்கட்கிழமை வண்டிக்குத்தான் போவாள். நாற்காலி போய்விடும். விஜயா தட்டில் டீயோடு வந்து நின்றாள்.

"அவரு வருவாரு பாய்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நாற்காலி நல்லாத்தான் இருக்குதாம், நர்ஸு ஒருத்தி போன் பண்ணி சொன்னா. ஆனா உக்காரப் போறது நீங்க இல்ல" என்றாள்.

இரண்டு ஹாரன்

வண்டி கிளம்பியது. நான் பேச ஆரம்பித்தேன்.

மேலே கிடந்த ஈயைப் பற்றிப் பேசினேன். இட்லியைப் பற்றிப் பேசினேன். கயல் ஜன்னலைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. மணிமுத்தாற்றுப் பாலம், கரும்பு டிராக்டர், அதன் பின்னால் தொங்கி ஒரு கரும்பை உருவப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள் என்று கால் பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

பாய் எனக்கு ஒரு ரகசிய ஏற்பாடு சொல்லியிருந்தார். மஞ்சள் நிழற்குடை நெருங்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அந்த இடத்தில் நான் சத்தமாக, விடாமல் பேச வேண்டும். அதற்கென்றே ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பூனைக் கதைதான். நீளமானது.

ஹாரன் கேட்டது. இரண்டு தடவை.

என் வாய் உலர்ந்துவிட்டது.

ஏன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, அந்த மனிதரும் இதே விளக்கைத்தான் பார்த்திருப்பார், இந்த ஈயைக்கூடப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. என் மகள் ஒவ்வொரு நாளும் உட்காரும் இடம் இது என்று தோன்றியது. பூனை என்ற சொல்கூட ஞாபகம் வரவில்லை. ஊரிலேயே அதிகம் பேசுகிறவன், பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயடைத்துக் கிடந்தேன்.

"அப்பா?"

நான் அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என்னைப் பாருங்க."

பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கணம்தான். பிறகு அந்த முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். முழங்கால் ஆடுவது நின்றது. அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. எப்போது வந்தன என்று தெரியவில்லை. மறு கையால் பட்டையைத் தளர்த்தினாள், என் கையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"கை மரத்துப் போவுதா? வாயத் தொறங்க. சிரிங்க. கையத் தூக்குங்க ரெண்டையும்."

பக்கவாதமா என்று பார்க்க இப்படித்தான் கேட்பார்களாம். தூக்கினேன். சிரிப்புதான் சரியாக வரவில்லை. முள்ளைப் பார்த்தாள். மறுபடி காற்றடித்து மறுபடி பார்த்தாள்.

"நூத்தி எழுவது," என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. கோபம்தான் இருந்தது. "கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

"தண்ணி," என்றேன்.

"எப்ப பாத்தீங்கன்னு கேட்டேன்."

"உன் ஸ்கூலு ஆண்டு விழாவுல ஒரு முகாம் போட்டாங்களே."

"நான் ஸ்கூலு முடிச்சி எட்டு வருசம் ஆவுது. தெனமும் அப்பளம், ஊறுகா, கருவாடு. ஃபேக்டரில எத்தன டீ? பொய் சொல்லாதீங்க. பாய், ஆறுன்னு சொன்னா எட்டுன்னு வச்சிக்கணும் இவர்கிட்ட. ஊருக்கெல்லாம் நான் ஓடிக்கிட்டு இருக்கேன், வூட்டுல ஒருத்தரு நூத்தி எழுவத வச்சிக்கிட்டு நாற்காலி பாக்கப் போறாரு."

அதுவும் தெரிந்திருக்கிறது.

பெண்ணாடம் வரும்வரை திட்டினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே திட்டினாள். நான் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. முன்னால் பாயின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

நடந்து இறங்குதல்

மெக்கானிக் கடை வாசலில் வண்டி நின்றது. வழக்கப்படி நான் இறங்கி நடக்க வேண்டும். கயல் விடவில்லை.

"படுங்க. எழுந்திரிக்கக் கூடாது."

"பாப்பா," என்றார் பாய், "அவரு நடந்தாத்தான் கணக்கு."

"நூத்தி எழுவதுல எப்படி பாய் நடக்க வுடறது?"

"அப்போ நாம மூணு பேரும் இங்கியே குடியிருக்க வேண்டியதுதான்."

கடைசியில் மறுபடி ஒரு முறை அழுத்தம் பார்த்தாள். குறைந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கி எதிரே இருந்த டீக்கடைவரை நடந்தேன். இருபது அடி இருக்கும். மெக்கானிக் எழுந்து நின்று வழிவிட்டார். நான் ஏதோ பெரிய நோயிலிருந்து மீண்டவன் என்று நினைத்திருப்பார். போண்டா தட்டு வந்தது. கயல் அதை என் கைக்கு எட்டாமல் பாய் பக்கம் தள்ளி வைத்தாள்.

டீ பாதி குடித்த பிறகுதான் கேட்டாள்.

"பாய், அந்த மஞ்ச பஸ் ஸ்டாப்ப எப்ப தாண்டுனோம்?"

பாய் போண்டாவை மென்று விழுங்கினார். "நீ உங்கப்பாவ சிரிக்கச் சொன்னப்ப."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த ஒரு மாதத்து அழுகையை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர் பார்க்காதது போல ஏற்கனவே காய்ந்திருந்த பாத்திரத்தைத் துடைத்தார். அவள் அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் பாய், "சேத்தியாத்தோப்புல ஒரு கடைல வெரா மீன் வறுவல் நல்லா இருக்குதாம்" என்றார்.

திரும்பி வரும்போது அந்த நிழற்குடையை அவள் பார்த்தாள். பார்க்காமல் வந்தாள் என்று எழுதினால் அது பொய். நாடி பார்ப்பது போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிறாள் என்றே நானும் பாவித்துக்கொண்டேன். அந்தப் பிடியில் இரண்டு பேருக்கும் வலித்தது.

ஐந்து நிமிடம்

திங்கட்கிழமை வண்டிக்கே போனாள். எனக்கு அன்று முதல் காலையில் ஒரு மாத்திரை. அப்பளம் கிடையாது. டீ மூன்று.

நான் தைரியமான ஆளாகிவிடவில்லை. கடைவீதியில் சைரன் கேட்டால் இன்றும் எனக்குக் கால் நின்றுவிடுகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்திரிக்காய் பொறுக்க முடிகிறது. அவளுக்கும் சில நாட்கள் மோசமாகத்தான் இருக்கின்றன. இன்னும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கடலூர் போகிறாள்.

ஆனால் ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. வேலை முடிந்து வந்ததும், முகம் கழுவிக்கொண்டு, பிரஷர் பார்க்கும் சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்காருகிறாள். முதல் நாள் நான் வழக்கம்போல, "இன்னைக்கு எந்த ஊரு, யாரு, இன்னா ஆச்சு?" என்று ஆரம்பித்தேன்.

"பேசக் கூடாது," என்றாள். "பாக்கறதுக்கு முன்ன அஞ்சு நிமிசம் வாயத் தொறக்காம உக்காரணும். பேசுனா ஏறிடும்."

நான் வாயை மூடினேன். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. விஜயா சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கயலைத்தான் பார்த்தாள். என் வயது ஆள் ஒருவன் எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கிறான், இவள் கலங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவது நிமிடத்தில் கயல் தானாகவே அன்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். என்னால் குறுக்கே கேட்க முடியாது. பயப்பட்டு உச்சுக்கொட்டவும் முடியாது, கை அசைந்தால் திட்டுவாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் சொல்கிறாள். பிறகு பொத்தானை அழுத்துகிறாள். எண்ணைப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்கிறாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

நேற்று சாயங்காலமும் உட்கார்ந்தோம். சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து ஒரு பிரசவக் கேஸ். பாதி வழியில், இரண்டு பக்கமும் நெல் வயல், வண்டியை ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறாள்.

"கொழந்த வந்துடுச்சிப்பா," என்றாள். "என் கையில இருக்குது. ஆனா சத்தமே இல்ல."

அங்கே நிறுத்திவிட்டு, இயந்திரத்தின் ஒயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு விரலைத் தூக்கினாள். மூடிக்கொண்டேன். அழுததா, அம்மா, அழுததா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிரஷர் என்ன காட்டப் போகிறதோ தெரியவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் வாசனை வந்தது. சமையலறையில் விஜயா மீன் குழம்பைக் கொதிக்கவிட்டிருந்தாள். காலையிலேயே வாங்கிய மீன். பஷீர் பாய் அன்று போன் செய்யவில்லை.

கயல் தலை குனிந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தை அடக்கப் பார்க்கிறாள் போலிருந்தது. நான் அந்த மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.